விளக்கை அணைக்க ஒரு நொடி: மேற்குக் கடற்கரையில் ஒளி மீன்பிடித் தடை

2017 நவம்பர் 10-ஆம் தேதி, அப்போது வேளாண் அமைச்சகத்தின் கீழ் இருந்த ஒன்றிய மீன்வளத் துறை ஓர் ஆணை போட்டது. கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால், 200 கடல் மைல் வரை நீளும் இந்தியாவின் தனிப் பொருளாதார மண்டலத்தில் எந்த விசைப்படகும் மோட்டார் படகும் எல்இடி விளக்கு, நீருக்குள் இறக்கும் விளக்கு, மீனை ஈர்க்கும் வேறு ஒளிச் சாதனம் எதையும் வைத்துக்கொண்டு இழுவலை, சுருக்குமடி, செவுள்வலை போடக் கூடாது. இரண்டு படகுகள் சேர்ந்து ஒரே வலையை இழுக்கும் இரட்டைமடிக்கும் அதே ஆணையில் தடை. 12 மைலுக்கு உட்பட்ட கடல் மாநிலங்களின் பொறுப்பு. மேற்குக் கரை மாநிலங்கள் அங்கே தங்கள் பங்குக்குத் தடை போட்டன. காகிதத்தில் பார்த்தால் கரையிலிருந்து 200 மைல் வரை எங்கும் விளக்கு எரியக் கூடாது.

எரிந்துகொண்டுதான் இருக்கிறது. மேற்குக் கரையில் ஜூன், ஜூலை 61 நாள் தடைக்காலம் முடிந்து கடல் திறந்ததும், கோவாவிலும் மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க்கிலும் மங்களூருப் பக்கமும் கரைவலைக்காரர்களும் நாட்டுப்படகுக்காரர்களும் அதே புகாரோடு மீன்வளத் துறை அலுவலக வாசலுக்கு வருகிறார்கள். தடை இருக்கிறது, ரோந்துப் படகு இருக்கிறது, அபராதம் இருக்கிறது. ஆனாலும் ஏன் பிடிபடுவதில்லை? அதிகாரிகளின் அலட்சியம், அரசியல் செல்வாக்கு என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். இரண்டுமே ஓரளவு உண்மைதான். ஆனால் நேர்மையான அதிகாரி ஒருவர் முழு மூச்சாக இறங்கினாலும் வழக்கு நிற்காத மாதிரிதான் இந்தத் தடை முதலில் எழுதப்பட்டது என்பது என் வாதம்.

இருட்டுக்காலத் தொழில்

முதலில் தொழிலைப் பார்ப்போம். விளக்கு வைத்து மீன் பிடிப்பது அமாவாசையை ஒட்டிய இரவுகளுக்கான வேலை. நிலவு வெளிச்சம் கடல் முழுக்கப் பரவியிருந்தால் மீனுக்கு நம் விளக்கு தனியாகத் தெரியாது. பௌர்ணமியை ஒட்டி விளக்குக்காரர்களுக்கு வேலை குறைவு. இருட்டில் ஒரு படகு நங்கூரம் போட்டு விளக்கைப் போட்டால் முதலில் வருவது மீன் அல்ல, மிதவை நுண்ணுயிர்கள். அதைத் தின்ன நெத்திலி, மத்தி. அவற்றைத் தொடர்ந்து கானாங்கெளுத்தி, கணவாய். பெரிய மீன்கள் வெளிச்ச வட்டத்துக்குள் வராமல் அதன் விளிம்பில், அரையிருட்டில் சுற்றும். நள்ளிரவு தாண்டியதும் விளக்குகளை ஒவ்வொன்றாகக் குறைப்பார்கள். கடைசியில் ஒரே ஒரு விளக்கு எரியும். சிதறி நின்ற கூட்டம் மொத்தமும் அதன் கீழே கெட்டியாகக் கூடும். அப்போது வலைப்படகு வந்து வட்டமடித்து மடியை விரிக்கும். அடியில் வளையங்களுக்குள் ஓடும் கயிற்றை இழுத்தால் பை வாய் சுருங்குவது போலச் சுருங்கும். சுருக்குமடி என்ற பெயரே அதனால் வந்ததுதான்.

விளக்கு வைத்துப் பிடிப்பது பழைய தொழில்தான். தீப்பந்தமும் பெட்ரோமாக்ஸும் வைத்துப் பிடித்தவர்கள் எல்லாக் கடற்கரையிலும் உண்டு. ஜப்பானில் கணவாய்ப் படகுகள் இன்றும் உரிமத்தோடு விளக்கு எரிக்கின்றன. மத்தியத்தரைக் கடலில் விளக்கு வைத்து மத்தி பிடிப்பது ஊரறிந்த முறை. எல்இடி வந்தபின் மாறியது கணக்குதான். ஆயிரம் வாட் மெட்டல் ஹாலைடு விளக்குக்குத் தேவைப்பட்ட மின்சாரத்தில் சில பங்கே போதும். சின்ன ஜெனரேட்டரே தாங்கும். விளக்கை நீருக்குள்ளேயே இறக்கிவிடலாம். மீனைத் தேடி அலையும் டீசல் மிச்சம். விளக்கு, பெரிய சுருக்குமடி, வலையை இழுக்கும் விஞ்ச் இயந்திரம் மூன்றும் ஒரே இடத்தில் சேரும்போதுதான் ஆபத்து: எந்த வயது மீன், எந்த இன மீன் என்ற வேறுபாடு இல்லாமல் அந்த வட்டத்தில் கூடிய எல்லாமே ஏறிவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கேரளத்தில் 2012-இல் ஏறக்குறைய 4 லட்சம் டன் கிடைத்த மத்தி, 2021-இல் 3,297 டன்னுக்கு வந்தது. மேடையில் இதைச் சொல்லி உடனே விளக்கைக் கை காட்டுபவர்கள் உண்டு. மத்தி பல பத்தாண்டுகளாகவே ஏறி இறங்கும் மீன். கடல் வெப்பம், எல் நினோ, இரை கிடைப்பது, அளவு மீறிப் பிடிப்பது எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. விளக்குத் தடையை நியாயப்படுத்த அந்த எண் தேவையும் இல்லை. ஒரே கூட்டத்தை இருட்டில் ஒருவன் மொத்தமாகத் திரட்டிக்கொண்டு போனால், விடியற்காலையில் கரைவலை வளைப்பவனுக்கு எதுவும் மிஞ்சாது என்பதே போதுமான காரணம்.

ஓர் இரவு

இனி ஒரு ரோந்து இரவைக் கற்பனையில் நடத்திப் பார்க்கலாம். குறிப்பிட்ட சம்பவம் எதுவும் இல்லை. கணக்கு மட்டும் உண்மையானது.

விளக்குப் படகின் விளக்கு நீர்மட்டத்திலிருந்து 5 மீட்டர் உயரத்தில். ரோந்துப் படகில் நிற்பவரின் கண் 3 மீட்டர் உயரத்தில். பூமியின் வளைவைக் கணக்கில் எடுத்தால் இருவரும் ஒருவரையொருவர் நேராகப் பார்க்கும் தூரம் 14 கிலோமீட்டர் சொச்சம், அதாவது ஏழரை கடல் மைல். ரோந்துப் படகு 15 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 15 கடல் மைல், ஓடினால் அந்தத் தூரத்துக்கு அரை மணி நேரம். விளக்குப் படகில் சாதாரண ரேடார் இருந்தாலும், இல்லாமல் துறைமுகத்திலிருந்து ரோந்து கிளம்பிய செய்தி வயர்லெஸ்ஸில் முன்பே வந்திருந்தாலும், தண்டேலுக்கு, அதாவது படகை நடத்துபவருக்கு, அரை மணி நேரம் கையில் இருக்கிறது. ஸ்விட்சைத் தட்ட ஒரு நொடி. நீருக்குள் இறக்கிய விளக்கைக் கேபிளோடு மேலே இழுத்துக் குளிர்பெட்டிக்குள் போட ஐந்து நிமிடம். மிச்ச நேரத்தில் டீ போட்டுக் குடிக்கலாம்.

ரோந்துக்காரர்கள் படகில் ஏறுகிறார்கள். "தளத்துல வேலை பார்க்க விளக்கு சார். என்ஜின் மக்கர் பண்ணுச்சு, பார்த்துக்கிட்டு இருந்தோம்." தளத்தில் வேலை விளக்கு இருப்பது குற்றமா? இல்லை. கடலில் மோதல் தவிர்ப்பதற்கான சர்வதேச விதிகளே இரவில் தொழில் செய்யும் படகில் விளக்கு இருக்க வேண்டும் என்கின்றன. அப்படியென்றால் எது குற்றம்? நீரை நோக்கித் திருப்பிய விளக்கு. அது எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்பதை அரை மணி நேரம் கழித்து யார் நிரூபிப்பது?

இன்னும் சுவாரசியம் இதில்தான். இந்தப் படகில் வலை இல்லை, மீன் இல்லை. இரண்டு மைல் தள்ளி நிற்கும் வலைப்படகில் வலையும் மீனும் இருக்கிறது, விளக்கு இல்லை. ஒரு குற்றத்தை இரண்டாக வகுத்து இரண்டு படகில் ஏற்றிவிட்டார்கள். விளக்குப் படகுக்காரருக்குப் பிடிபாட்டில் பங்கு கரையில் போய்ச் சேரும். இரண்டையும் இணைக்கும் ஆதாரம் கடலில் எங்கும் இல்லை.

அடுத்தது இடம். தண்டேல் சொல்வார்: "நாங்க பன்னிரண்டு மைலுக்கு வெளியில இருந்தோம் சார், நீரோட்டம் உள்ளே தள்ளிருச்சு." மகாராஷ்டிரத்தில் இந்தப் பதிலுக்குத் தனி மதிப்பு உண்டு. அங்கே 2016-இல் வந்த கட்டுப்பாட்டின்படி மாநிலக் கடல் எல்லைக்குள் சுருக்குமடிக்குச் செப்டம்பர் முதல் டிசம்பர் வரை நான்கு மாதம்தான் அனுமதி. ஜனவரியில் பிடிபடும் ஒவ்வொரு படகும் தான் எல்லைக்கு வெளியில் இருந்ததாகத்தான் சொல்லும். ரோந்து அதிகாரியின் கையில் உள்ள ஜிபிஎஸ், ஏறிய இடத்தைச் சொல்லும். விளக்கு எரிந்த இடத்தைச் சொல்லாது.

பன்னிரண்டாம் மைலில் ஒரு பள்ளம்

அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மீன்வளம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது; பிராந்தியக் கடலுக்கு அப்பாற்பட்ட மீன்பிடிப்பு ஒன்றியப் பட்டியலில். அதனால் மாநில மீன்வளத் துறை அதிகாரியின் அதிகாரம் 12 மைலில் முடிகிறது. அதற்கப்பால் கடலோரக் காவல்படை இருக்கிறது. ஆனால் அவர்கள் கையில் இருந்த மீன்பிடிச் சட்டம் 1981-இல் வந்தது, வெளிநாட்டுக் கப்பல்களுக்கானது. இந்தியப் படகு 15-ஆவது மைலில் விளக்கு போட்டு மீன் பிடித்தால் எந்தப் பிரிவின் கீழ், எவ்வளவு அபராதம்? 2017 ஆணையில் தடை இருந்தது. அதைத் தாங்கும் தண்டனைச் சட்டம் இல்லை. 2021-இல் இந்தப் பள்ளத்தை நிரப்ப வந்த இந்தியக் கடல் மீன்வள மசோதாவோ, தங்கள் மீதே உரிமமும் கட்டணமும் ஏறும் என்று சிறு மீனவர்களே எதிர்த்ததில் நாடாளுமன்றத்துக்குள் போகவில்லை. விளக்குத் தடையை அதிகம் விரும்பியவர்களும் அதை அமல்படுத்தக்கூடிய சட்டத்தை எதிர்த்தவர்களும் ஒரே கரையில் இருந்தார்கள். அவர்கள் பயமும் நியாயமானதுதான்.

சரி, 12 மைலுக்கு உள்ளேயாவது? மாநிலச் சட்டங்களின் பிறப்பை நினைவில் வைக்க வேண்டும். 1970-களில் கோவாவில் ரம்பன் என்ற கரைவலை இழுப்பவர்களும் தமிழகக் கட்டுமரக்காரர்களும் இழுவைப் படகுகளோடு மோதியபோது, ஒன்றிய அரசு அமைத்த மஜும்தார் குழுவின் மாதிரி மசோதாவிலிருந்து இவை பிறந்தன: கோவா, கேரளம் 1980, மகாராஷ்டிரம் 1981, தமிழ்நாடு 1983, கர்நாடகம் 1986. கரையிலிருந்து இத்தனை தூரத்துக்குள் இழுவைப் படகு வரக் கூடாது என்ற தூரத் தகராறைத் தீர்க்க எழுதியவை. பகல் வெளிச்சச் சட்டங்கள் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

கேரளச் சட்டத்தின் பழைய அபராத வாய்பாட்டைப் பாருங்கள். படகில் இருந்த மீனின் மதிப்பு 1,000 ரூபாய்க்கு மேல் என்றால் அந்த மதிப்பைப் போல் அதிகபட்சம் ஐந்து மடங்கு. அதற்குள் என்றால் 5,000 ரூபாய் வரை. வேறு எந்த மீறலுக்கும் 5,000 ரூபாய் வரை. இந்த வாய்பாட்டை நம் விளக்குப் படகின் மீது வைத்துப் பாருங்கள். படகில் மீனே இல்லை. ஆக, வேலையின் மூளையாக இருந்த படகுக்கு 5,000 ரூபாய். ஓரிரவு டீசல் செலவுக்கும் கீழே. அபராதம் மீனைப் பார்த்ததே தவிரப் படகைப் பார்க்கவில்லை. பின்னால் கேரளம் சட்டத்தைத் திருத்தி அபராதத்தை லட்சங்களுக்கு உயர்த்தியது.

மகாராஷ்டிரம் எடுத்த திருப்பம்

மேற்குக் கரையில் இந்த முடிச்சை ஓரளவு நேராக அவிழ்க்கப் பார்த்தது மகாராஷ்டிரம்தான். 2021 திருத்தத்தில் இரண்டு காரியம் செய்தார்கள். ஒன்று, எல்இடி மீன்பிடிப்புக்கு மீன் மதிப்போடு தொடர்பே இல்லாமல் 5 லட்சம் முதல் 20 லட்சம் ரூபாய் வரை அபராதம். வெறும் விளக்குப் படகும் இதில் முழுதாக மாட்டும். இரண்டு, வழக்கை விசாரிக்கும் அதிகாரத்தைத் தாசில்தாரிடமிருந்து எடுத்து மீன்வளத் துறை உதவி ஆணையரிடம் கொடுத்தார்கள். பத்திரிகைகள் 20 லட்சத்தைத் தலைப்பாக்கின. எனக்கென்னவோ இரண்டாவதுதான் பெரிது. பட்டா, சான்றிதழ், தேர்தல் வேலை, வெள்ள நிவாரணம் என்று ஆயிரம் கோப்புகளுக்கு நடுவே தாசில்தார் மேசையில் ஒரு படகு வழக்கு கிடந்தால் என்ன ஆகும் என்று தாலுகா அலுவலகம் போனவர்களுக்குத் தெரியும். பிடித்த மீன் அழுகும், சாட்சிப் பணியாளர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள்.

2025 ஜனவரி 9-இல் அதே மாநிலம் பால்கர் முதல் சிந்துதுர்க் வரை 9 இடங்களிலிருந்து டிரோன்களைப் பறக்கவிட்டது. மிர்கர்வாடாவும் தேவ்கட்டும் அதில் உண்டு. அரை மணி நேரப் பிரச்சினைக்கு டிரோன் ஒரு நேரடிப் பதில். அது வருவது தண்டேலுக்குத் தெரிவதற்கு முன்பே விளக்கு எரியும் படம் நேரத்தோடும் இடத்தோடும் பதிவாகிவிடும். கரைக்கு அருகே இது வேலை செய்யும். பன்னிரண்டு மைல் தள்ளி, காற்றில், நடு இரவில் எத்தனை நேரம் நிற்கும் என்பது பேட்டரியைப் பொறுத்தது.

எனக்கு டிரோனைவிட மலிவான ஒரு யோசனையில் ஈர்ப்பு உண்டு. கொங்கண் கடற்கரை சமதளம் அல்ல. கரையிலேயே குன்றுகள், அதன் மேல் கோட்டைகள், கலங்கரை விளக்கங்கள். 50 மீட்டர் உயரத்தில் ஒரு கேமராவை வைத்தால், 5 மீட்டர் உயர விளக்கு 33 கிலோமீட்டர் வரை நேராகத் தெரியும். அது ஏறக்குறைய 18 கடல் மைல். மாநில எல்லையைத் தாண்டிய தூரம். ஒரு கேமரா திசையை மட்டும் சொல்லும். இருபது கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு கேமராக்கள் ஒரே விளக்கைப் பார்த்தால் இரண்டு கோடுகள் வெட்டும் இடம்தான் படகு. பத்தாம் வகுப்பு முக்கோணவியல். "வெளியில இருந்தோம் சார்" என்ற பதிலுக்கு இது முற்றுப்புள்ளி வைக்கும். தண்ணீருக்குள் இறக்கிய விளக்கு மட்டும் இதில் தப்பும்.

வானத்திலும் கண் இருக்கிறது. 2011-இல் ஏவப்பட்ட சுவோமி என்பிபி செயற்கைக்கோளின் விர்ஸ் கருவி ஒவ்வோர் இரவும் ஒன்றரை மணி வாக்கில் கடலைக் கடக்கும்போது விளக்கு எரிக்கும் படகுகளைப் புள்ளிகளாகக் காட்டும். பிலிப்பைன்ஸும் இந்தோனேசியாவும் அந்தத் தரவைப் பயன்படுத்தியிருக்கின்றன. வடகொரியக் கடலில் 2017-இல் 900-க்கும் மேற்பட்ட சீனப் படகுகள் கள்ளமாக மீன் பிடித்ததை 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வு வெளிச்சம் போட்டுக் காட்டியதிலும் இதற்குப் பங்குண்டு. ஆனால் அது காட்டுவது ஒரு புள்ளி; பெயர்ப்பலகை அல்ல. முக்கால் கிலோமீட்டர் அகலக் கட்டம், மேகம் வந்தால் குருடு. எந்தக் கடற்பகுதிக்கு எந்த வாரம் ரோந்து போக வேண்டும் என்று திட்டமிட அருமையான கருவி. உதவி ஆணையர் முன் ஒரு படகின் பதிவெண்ணை நிரூபிக்க உதவாது.

படகு இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள் வழியே அனுப்பும், இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர் கருவிகளை 1 லட்சம் படகுகளில் பொருத்தும் 364 கோடி ரூபாய்த் திட்டம் 2024 ஆகஸ்டில் பால்கரில் தொடங்கிவைக்கப்பட்டது. அது புள்ளிக்குப் பெயர் கொடுக்கும். விளக்கு எரிந்ததா என்று அது சொல்லாது. ஆனால் இரண்டு படகுகள் இருட்டுக்கால இரவுகளில் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் ஆறு மணி நேரம் அசையாமல் நின்று, விடியுமுன் பிரிந்தால், அந்தத் தடம் தானே பேசும். பிரிந்துகிடந்த குற்றத்தை மறுபடி ஒட்டவைக்க எனக்குத் தெரிந்த நல்ல பசை இதுதான். கருவியை யாரும் அணைத்துவைக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

படகுத்துறையில் என்ன செய்யலாம்

இதே கேரளத்தில் ஒழுங்காக அமலாகக்கூடிய வேறொரு விதி இருக்கிறது: குறைந்தபட்ச அளவு. மத்தி 10 சென்டிமீட்டர், கானாங்கெளுத்தி 14 சென்டிமீட்டர், இப்படி 58 இனங்களுக்கு. இதற்குக் கடலில் யாரையும் துரத்த வேண்டாம். காலையில் ஏலம் நடக்கும் இடத்தில் ஒரு கூடையைக் கவிழ்த்து ஸ்கேல் வைத்து அளந்தால் போதும். விளக்குத் தடைக்கும் இப்படி ஒரு ஸ்கேல் வேண்டும்.

அது ஆணையிலேயே பாதி இருக்கிறது. 2017-இன் வாசகம் விளக்கை எரிப்பதோடு நிற்கவில்லை, பொருத்துவதையும் சேர்த்தே தடுத்தது. பொருத்திய சாதனம் பகலிலும் பொருத்தியபடிதான் இருக்கும். படகின் அளவுக்கு ஒத்துவராத ஜெனரேட்டர், நீர் புகாத இணைப்பு வைத்த ஐம்பது மீட்டர் கேபிள், பக்கவாட்டில் நீளும் விளக்குக் கம்பம், வலையே இல்லாத ஒரு "மீன்பிடிப் படகு": இவை எல்லாம் படகுத்துறையில், பட்டப்பகலில், கண்ணுக்குத் தெரிபவை. ஆகஸ்டு 1-க்கு முன் படகுகள் வரிசையாகக் கட்டிக்கிடக்கும் 61 நாளில் ஒரு மின்பணியாளரைக் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். தளத்து வேலைக்கு இத்தனை வாட் போதும் என்று உரிமத்தில் எழுதிவிட்டால், அதற்கு மேல் இருப்பதை விளக்க வேண்டிய பொறுப்பு உரிமையாளருக்கு. சீசன் நடுவில் கழற்றி ஒளித்துப் பொருத்துபவர்கள் இருப்பார்கள், தெரியும். ஆனாலும் ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்டுவது செலவு, அலைச்சல். ஒரு நொடி ஸ்விட்ச் வேலை இல்லை.

டீசலும் ஒரு பிடி. கர்நாடகத்தில் விசைப்படகுகளுக்கு விற்பனை வரி இல்லாத டீசல், மகாராஷ்டிரத்தில் வரித்தொகை திரும்பக் கிடைக்கும். பிடிபட்ட படகுக்கு ஒரு வருடம் அதை நிறுத்தினால், அபராதத்தைவிட அது வலிக்கும்.

பன்னிரண்டாம் மைல் பள்ளத்துக்கு இப்போது ஒரு பாலம் வந்திருக்கிறது. 2025 நவம்பர் 4-இல், 1976-ஆம் ஆண்டின் கடல் மண்டலச் சட்டத்தின் கீழ் ஒன்றிய அரசு புதிய விதிகளை அறிவித்தது. தனிப் பொருளாதார மண்டலத்தில் மீன் பிடிக்க விசைப்படகுகளும் பெரிய மோட்டார் படகுகளும் இலவச அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். பாரம்பரிய மீனவர்களுக்கு விலக்கு. எல்இடி மீன்பிடிப்பு, இரட்டைமடி மீது நடவடிக்கை என்று அதே விதிகள் சொல்கின்றன. 2021 மசோதாவை எதிர்த்தவர்களின் பயத்துக்குக் காது கொடுத்த மாதிரிதான் தெரிகிறது. சீட்டு என்று ஒன்று இருந்தால்தான் அதைப் பறிக்கவும் முடியும். அதுவரை 15-ஆவது மைலில் பறிப்பதற்கு ஒன்றுமே இருக்கவில்லை.

கானா நாட்டை ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். அங்கே 2010-இன் மீன்வள விதிகள் விளக்கு மீன்பிடிப்பைத் தடுக்கின்றன. ஆனால் கையடக்க ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு விளக்கு போடுபவர்களில் பெரும்பாலோர் மரப்படகுச் சிறு மீனவர்களே. தடையைக் கேட்பவரும் மீறுபவரும் ஒரே கடற்கரையில், பல நேரம் ஒரே குடும்பத்தில். யார் யாரைக் காட்டிக்கொடுப்பது? இந்திய மேற்குக் கரையில் அப்படி இல்லை. மீறுபவர் பெரும்பாலும் சுருக்குமடி உரிமையாளர், பார்ப்பவர் நாட்டுப்படகுக்காரர். ஒவ்வோர் இருட்டிலும் ஊதியம் இல்லாமல் கடலைக் கண்காணிக்கும் ஆயிரக்கணக்கானோர் அரசுக்கு இருக்கிறார்கள். அவர்கள் செல்போனில் எடுத்துக் கொண்டுவரும் வீடியோவில் ஒரு வெளிச்சப் பொட்டு மட்டும்தான் தெரியும். அலுவலகத்தில் அதைப் பார்த்துவிட்டு "இதுல எந்தப் படகுன்னு எப்படிச் சொல்றது" என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அந்த வீடியோவில் நேரமும் திசையும் இருக்கிறது. இரண்டு ஊர்களிலிருந்து இரண்டு வீடியோ வந்தால் இடமும் கிடைக்கும். டிரான்ஸ்பாண்டர் பதிவில் அதே நேரத்துக்கு அந்த இடத்தில் எந்தப் படகு நின்றது என்று பார்க்க ஓர் எழுத்தர் போதும். அவருக்கு அந்தப் பதிவைத் திறக்கும் கடவுச்சொல் கொடுக்க வேண்டும்.